பத்திரத்தில் ஒரு வரி

பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்று கூச்சப்பட்டே பலர் வீட்டைத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள். கவனிக்காத பிள்ளைக்குக் கொடுத்த சொத்தை மீட்க 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டிவரும். அந்த வரியையும், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் கேட்டு எழுத வையுங்கள். அதைவிட மேல், உயில். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். பவர் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். மறதிநோய் முற்றி, எழுதிக்கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் அது செல்லாது. மருத்துவச் செலவுக்கான வைப்புத்தொகையும் பெற்றோர் பெயரிலேயே இருக்கட்டும். நிபந்தனைக்கு முகம் சுளிக்கும் பிள்ளைக்குப் பத்திரம் எதற்கு?