இயமம் இன்றி ஆசனம் இல்லை

யோக சூத்திரத்தை அருளிய பதஞ்சலி முனிவர், தில்லையில் ஆனந்தக் கூத்தைக் கண்டு களித்தவர் என்பது மரபு. அவர் வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகவே வருகிறது. அதற்கு முன் இயமமும் நியமமும் நிற்கின்றன. இயமம் ஐந்தனுள் முதலாவது அகிம்சை. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கும்போது, கொல்லாமை, பொய் கூறாமை, களவு செய்யாமை ஆகியவற்றையே இயமத்தின் முன் வைக்கிறார். உடலை வளைப்பதற்கு முன் உள்ளம் நெறிப்பட வேண்டும் என்பதே இவ்வரிசையின் உட்பொருள்.

இவ்வரிசை மறக்கப்பட்டதற்கு அண்மைக்கால வழக்கம் ஒன்று சான்றாகிறது. மேலைநாட்டு நகரங்களில் 'நாய்க்குட்டி யோகா' என்னும் பெயரில் வகுப்புகள் நடைபெறுகின்றன. கட்டணம் செலுத்தியவர்கள் ஆசனம் பயில, அவர்களிடையே குட்டிகள் உலவ விடப்படும். பயிற்சி முடிந்ததும் அவற்றை மடியில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்வர். இந்தியப் பெருநகரங்கள் சிலவற்றிலும் இவ்வழக்கம் தலைகாட்டியுள்ளது. மனச்சுமை குறைகிறது என்று வருவோர் மகிழ்கின்றனர். குட்டிகளின் நிலையோ வேறு.

2023-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஐ.டி.வி. தொலைக்காட்சியினர் இவ்வகுப்புகளை மறைவாக ஆராய்ந்தனர். சில இடங்களில் குட்டிகளுக்குத் தண்ணீரும் உறக்கமும் மறுக்கப்பட்டமை வெளிப்பட்டது. தண்ணீர் குடித்தால் விரிப்பை நனைத்துவிடும். உறங்கினால் வந்தவர்களுக்கு விளையாட்டுக் காட்டாது. அந்நாட்டின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இவ்வழக்கத்தை வன்மையாக எதிர்த்தது. 2024-ஆம் ஆண்டு இத்தாலியின் சுகாதார அமைச்சகம், இத்தகைய வகுப்புகளில் குட்டிகளைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. மனிதரின் நலனுக்காக விலங்குகளை ஈடுபடுத்தும் செயல்களில் வளர்ந்த நாய்களுக்கே இடமுண்டு என்பது அதன் நிலைப்பாடு.

எல்லா வகுப்புகளும் ஒரே தன்மையன அல்ல. ஆயினும் குட்டியின் இயல்பை அறிந்தோர்க்கு இக்கவலை விளங்கும். சின்னஞ்சிறு குட்டி நாளில் ஏறத்தாழ 18 மணி நேரம் உறங்க வேண்டும். அதன் உடல் வளர்ச்சி உறக்கத்தைச் சார்ந்தது. பிறந்து மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரையில் அது காணும் அன்பும் அச்சமும் வாழ்நாள் முழுதும் உடன்வரும். தடுப்பூசிகள் நிறைவுறாத பருவத்தில், பார்வோ என்னும் கொடிய நச்சுயிரி மனிதரின் காலணி வழியாகவும் அதனைத் தொற்றக்கூடும். குட்டி வளர்ந்துவிட்டால் வகுப்புக்கு உதவாது. மீண்டும் புதிய குட்டிகள் வேண்டும். அவற்றை ஈன்றுகொண்டே இருக்கும் தாயை எவரும் நினைப்பதில்லை.

இங்கே இயமம் எங்கே நிற்கிறது? வாய்பேசா உயிரின் தாகத்தைப் பொருட்படுத்தாமை இம்சை. அதன் களைப்பை மறைத்து, கருணை என்று விளம்பரம் செய்தல் பொய். அதற்குரிய உறக்கத்தை எடுத்துக்கொள்ளுதல் களவு. மூன்று படிகளும் இடிந்தபின் செய்யும் ஆசனம் வெறும் உடற்பயிற்சியே.

மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பர்வத்தில், விண்ணுலகம் செல்லத் தேர் வந்து நின்றபோதும், தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு ஏற மறுத்தார் தருமபுத்திரர். அந்த நாயால் தமக்கு என்ன பயன் என்று அவர் எண்ணவில்லை. அடைக்கலமாக வந்ததைத் துறப்பது பாவம் என்றே எண்ணினார். தருமதேவதையே அவ்வடிவில் வந்திருந்ததைப் பின்னரே அறிந்தார். சிவாலயங்களில் பைரவர் சந்நிதியில் விளக்கேற்றுவோர், அவர்தம் வாகனத்தை நாள்தோறும் காண்கின்றனர்.

இளைஞர்கள் இத்தகைய வகுப்புக்குச் செல்ல விரும்பினால், பெரியோர் சினத்தல் வேண்டா. சில வினாக்களை எழுப்பச் சொன்னால் போதும். குட்டியின் வயது என்ன? தாய் எங்கே? தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதா? உறங்க நினைத்தால் ஒதுங்கிச் செல்ல இடமுண்டா? விடை தெளிவாக இல்லையெனில் விலகுதலே அறம். நாயின் அன்பை நாடுவோர், கைவிடப்பட்ட விலங்குகளைப் பேணும் காப்பகத்தில் ஒரு பொழுது தொண்டு செய்யலாம். கோடையில் வாயிலருகே ஒரு சட்டி நீர் வைக்கலாம்.

உறங்கும் குட்டியை உறங்க விடுதலும் யோகத்தின் பாற்பட்டதே. அகிம்சையின் முதற்பாடம் அங்கே தொடங்குகிறது.