மாஸ் என்ட்ரியும் ஒரு மாம்பழமும்

பிள்ளைகளே, என்னிடம் படித்த ஒருவன் வேலையை விட்டுவிட்டுத் திரைக்கதை எழுதுகிறான். அனுப்பியதைப் படித்தேன். நாயகன் வருவதற்கே இரண்டரைப் பக்கம்! முதலில் ஷூ, அப்புறம் புல்லட், அப்புறம் ஸ்லோமோஷனில் முதுகு. முகம் தெரிந்த பிறகும் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரியவில்லை. கேட்டால், "மாஸ் என்ட்ரி இல்லாவிட்டால் படம் ஓடாது சார்" என்கிறான்.

அடேய், 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினி எப்படி வந்தார்? தாடியும் கசங்கிய கோட்டுமாய் கேட்டைத் தள்ளித் திறந்தார். அவ்வளவுதான். பைரவியை விட்டுப்போன கணவன் வாசலில் நிற்கிறான், கதையே ஆடிப்போகிறது. அப்போது அவர் ஸ்டாரும் இல்லை.

ஆனி மாதம் நம்மூரில் மாங்கனி இறைக்கிறோமே, அந்தப் புனிதவதியைப் பார். சோறு வெந்தாயிற்று, கறி ஆகவில்லை. பசியோடு ஓர் அடியார் வந்துவிட்டார். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு பழத்தில் ஒன்றை எடுத்துப் படைத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. அவள் யாரென்று அங்கேயே தெரிந்துபோகிறது. கணவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்கும்போது நமக்கு வயிறு கலங்குவது அதனால்தான்.

ஷூவை வெட்டு. உன் ஆள் எதைக் கொடுப்பான், எதைக் கொடுக்கவே மாட்டான் என்று எழுதிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.