கர்ப்பிணியின் பரிசோதனை நாளுக்குக் கூலி வேண்டும்

கொரோனா ஒழிந்தது என்று முகக்கவசத்தைக் கழற்றி வைத்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. உலகச் சுகாதார நிறுவனமும் 2023 மே மாதத்தில் அவசர நிலை முடிந்ததென அறிவித்தது. ஆயினும் கிருமி போய்விடவில்லை. சளியாகவும் காய்ச்சலாகவும் லயத்து வீடுகளுக்கு அது வந்து போகிறது. மற்றவர்க்கு அது நான்கு நாள் அலுப்பு. கர்ப்பிணிக்கோ அதன் பின்னால் இன்னோர் ஆபத்து வரக்கூடும். அதைத் தோட்டத்து மக்கள் அனைவரும் அறிதல் வேண்டும்.

அந்த ஆபத்துதான் இரத்தக் கொதிப்பு. கருவுற்று 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் காணுமானால், ஈரலும் சிறுநீரகமும் கெடும், வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர்ச்சேதம் நேரலாம். நம் பாட்டிமார் ‘ஜன்னி கண்டது’ என்று சொன்னவற்றுள் இந்த வலிப்பும் உண்டு.

இதற்கும் கொரோனாவுக்கும் என்ன தொடர்பு? 28 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறக்குறைய 7,90,000 கர்ப்பிணிகளின் கணக்கைப் பார்த்த அறிஞர்கள் 2021-இல் விடை கூறினர். தொற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு இந்நோய் வந்ததென்றால், தொற்றியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு வந்தது. காய்ச்சலே தெரியாமல் தொற்றியவர்களும் இதற்கு விலக்கல்லர். இக்கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் நச்சுக்கொடியையும் தாக்க வல்லது. கர்ப்பகாலக் கொதிப்பும் அவ்விடங்களைப் பற்றியே வளர்கிறது. ஒன்று மற்றதை எவ்வாறு தூண்டுகிறது என்பது இன்னும் ஆராயப்படுகிறது. தொடர்பு உண்டென்பதில் மட்டும் ஐயமில்லை.

கொரோனா உச்சத்தில் இருந்த 2021-இல் நம் நாடு கொடுத்த விலையை மறக்கலாகாது. முந்திய ஆண்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 25 ஆக இருந்த தாய்மார் மரணம், அவ்வாண்டில் 68 ஆக ஏறியது. அத்தனையும் கொதிப்பால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் கர்ப்பிணிக்குக் கொரோனா எத்தகைய பகை என்பதற்கு அக்கணக்கே சாட்சி.

கொதிப்பு ஏறியதைப் பல வேளைகளில் உடம்பு சொல்லாது, கருவிதான் சொல்லும். ஆகவே மாதந்தோறும் கிளினிக் போவது ஒன்றே காவல். திரிங்காப் மலையில் இது எளிதா? பெரிய ஆஸ்பத்திரி தானா ராத்தாவில். நிலைமை மோசமானால் மலையிறங்கி ஈப்போ வரை போக வேண்டும். வளைந்த பாதை, வாரக் கடைசியில் வாகன நெரிசல், அடிக்கடி மழை. ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்து வர ஒரு நாள் போய்விடுகிறது. கொழுந்து எடுக்காத நாளுக்குக் கூலி ஏது? பால்மரத் தோட்டங்களிலும் இதே கதைதான். மரம் சீவாத நாளுக்குச் சம்பளம் ஏது?

2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் பிள்ளை பிறக்குமுன் செய்யும் பரிசோதனைக்கென்று தனியாக ஊதிய விடுப்பு அச்சட்டத்தில் இல்லை. சட்டம் விட்ட இடைவெளியைச் சங்க ஒப்பந்தம் அடைக்கலாம். அடுத்த பேச்சுவார்த்தையில், கிளினிக் சீட்டைக் காட்டும் கர்ப்பிணிக்கு அன்றைய கூலி முழுதும் தரப்பட வேண்டும் எனக் கேட்போம். ஒவ்வொரு தோட்டத்திலும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருக்க வேண்டும் என்றும் கேட்போம். அதன் விலை நிர்வாகத்துக்குப் பெரிதல்ல.

செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நாம், கிளினிக் போன பெண்ணின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு வாளாவிருத்தல் முறையல்ல. காரணத்தையும் எழுதுவோம். அந்த ஏடே நாளை நம் கோரிக்கைக்கு ஆதாரமாகும்.

சகோதரிகளே! கர்ப்பகாலத்தில் காய்ச்சல் கண்டிருந்தால் நர்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபத்து மிகுந்தவர்க்கு ஆரம்பத்திலேயே சிறு அளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், கடையில் வாங்கி விழுங்கலாகாது. தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள். பிரசவமான பின் ஆறு வாரம் வரைக்கும் இந்த எச்சரிக்கை தேவை.

ஒரு நாள் கூலிக்குப் பயந்து ஒரு தாயை இழக்கும் நிலை எந்தத் தோட்டத்திலும் வேண்டாம். கோரிக்கையைச் சங்கக் கிளைகள் இப்போதே தீர்மானமாக்கி அனுப்புக!