கொசு விரட்டும் செடியும் அதன் அடித்தட்டும்

ஐப்பசி மழை தொடங்கியதும் எலுமிச்சைப் புல்லையும் நொச்சிக் கன்றையும் துளசியையும் தேடி நம்மவர்கள் நர்சரிகளுக்குச் செல்கின்றனர். கொசுவர்த்திச் சுருளின் நெடியை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்னும் எண்ணம் பாராட்டுக்குரியதே. ஆயினும், வாசலில் நான்கு தொட்டிகளை வைத்துவிட்டால் கொசு அண்டாது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது சரிதானா?

இச்செடிகளின் ஆற்றல் இலைகளிலுள்ள எண்ணெயில் அடங்கியிருக்கிறது. இலையைக் கசக்கினாலோ, எரித்தாலோ, காய்ச்சி வடித்தாலோதான் அது போதிய அளவில் வெளிப்படும். தொட்டியில் சும்மா நிற்கும் செடியால் பெரும்பயன் இல்லை. வடித்தெடுத்த எண்ணெயைத் தோலில் பூசினாலும் ஓரிரு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். நம் உம்மம்மாக்கள் சாம்பிராணித் தணலில் நொச்சி இலையைத் தூவியதில் பொருளிருந்தது. புகை நிற்கும் வரை பலனும் இருந்தது. ஆனால் இளைப்பு நோயுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இலைப்புகையும் புகைதான். (துலுக்கச் சாமந்தியையும் சிலர் பரிந்துரைக்கின்றனர். நம் பெயரைச் சுமந்து நிற்கும் அந்தப் பூவின் தாயகம் மெக்சிகோ என்பது தனிக்கதை.)

நம் கவலையெல்லாம் செடிக்கு அடியிலுள்ள தட்டைப் பற்றியது. சென்ற மழைக்காலத்தில் நம் தெருவில் மூன்று வீடுகளில் பிள்ளைகள் டெங்குக் காய்ச்சலில் படுத்தனர். அவர்களுள் ஒரு சிறுமி, தட்டணுக்கள் குறைந்து ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தாள். அதன் பிறகே நம் மாடிக்கு ஏறிப் பார்த்தோம். எலுமிச்சைப் புல் தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரில் கூத்தாடிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கொசுவை விரட்ட வாங்கிய செடியின் கீழேயே அதை வளர்த்திருக்கிறோம்!

அல்லாஹ் தன் திருமறையில் (2:26) கொசுவை உதாரணமாகக் குறிப்பிடுகிறான். அதன் பழக்கங்களை அறிந்துகொள்ள நமக்கு என்ன வெட்கம்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே விரும்பும். அது பகலில் கடிக்கும். அதிலும் சூரியன் உதித்த பின் வரும் இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு மிகவும் உகந்தவை. நம் பிள்ளைகள் மக்தபில் ஓத அமரும் வேளைகளும் ஏறத்தாழ இவைதாம்: ஃபஜ்ருக்குப் பின்னும், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையிலும். பாயில் கால் மடித்து அமர்ந்து ஓதும் பிள்ளையின் கணுக்கால் அக்கொசுவுக்கு எளிதில் வாய்த்துவிடுகிறது. பள்ளிவாசலுக்கு வண்ணம் பூசவும் மினாராவுக்கு விளக்குப் போடவும் தாராளமாக வசூலிக்கும் நாம், மக்தபின் சன்னல்களுக்கு வலை அடிக்க இதுவரை எவ்வளவு செலவிட்டிருக்கிறோம்?

முன்னோர் ஹவ்ளில் மீன் விட்டிருந்தனர். அவை புழுக்களைத் தின்றுவிடும். இன்று பல இடங்களில் ஹவ்ளு போய்க் குழாய்கள் வந்துவிட்டன. மாடியில் மூடி உடைந்த தொட்டி நிற்கிறது. மையவாடியில் சிரட்டைகளும் உடைந்த சட்டிகளும் மழைநீரை ஏந்திக் கிடக்கின்றன. நகராட்சி புகையடிக்கவில்லை என்று குறைகூறுவோர் உண்டு. அந்தப் புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். நீருக்குள் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கக் கற்றுத் தந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த வழிகாட்டலை நம் மாடிக்கும் கொல்லைக்கும் கொண்டுசெல்லலாமே. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். எனவே வெள்ளிதோறும் ஜும்ஆக் குளியலுக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். தட்டுகளிலும் தொட்டிகளிலும் உள்ள நீரைக் கொட்டுவதோடு நின்றுவிடக் கூடாது; ஓரங்களில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

செடிகளை எறிந்துவிடச் சொல்லவில்லை. எலுமிச்சைப் புல் தேநீருக்கு மணம் தரும். துளசி சளிக்குக் கஷாயமாகும். அவற்றின் அடித்தட்டுகளில் மட்டும் விளிம்பு வரை மணலை நிரப்பி வையுங்கள்.