தண்ணீர் எப்படிச் சாயத்தைப் பெயர்த்தது?

கல்கத்தா என்ற பழம்பெயரை விட மனமின்றி நாம் இன்னும் சொல்லிவரும் கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், டாலிகஞ்சில், ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் இருக்கிறது. 1829-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் சங்கங்களுள் மிகப் பழையதென்று பெயர் பெற்றது. நம் குடும்பத்தாருள் பெரும்பாலோர் அதன் மதிலோரமாகப் பஸ்ஸில் போயிருப்பரேயன்றி உள்ளே கால் வைத்திருக்கமாட்டார்கள். ஆயினும் அவ்விளையாட்டை ஒட்டிய தொழில்களில் ஊதியம் பெறுவோர் நம்மிடையே சிலர் உளர்.

அத்தகைய அன்பர் ஒருவரின் புதல்வர், விளையாட்டுக் கருவிகள் விற்கும் கடையொன்றில் பணிபுரிகிறார். கோல்ப் மட்டைகளைத் துப்புரவு செய்வதற்கென்று அக்கடையில் கேளா ஒலி இயந்திரமொன்றை வாங்கி வைத்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரின் பழைய இரும்பு மட்டைகளை இப்பிள்ளை அதில் இட்டு எடுத்தபோது, எண்களிலும் எழுத்துகளிலும் நிரப்பியிருந்த சிவப்புச் சாயம் பாதி உரிந்து போயிற்று. அதற்கு ஈடாக அம்மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டனர். “அந்தப் பெட்டியில் பிரஷ் இல்லை, கத்தி இல்லை, வெறும் தண்ணீர்தானே சார் இருக்கிறது? தண்ணீர் எப்படிச் சாயத்தைப் பெயர்க்கும்?” என்று தந்தையார் நம்மிடம் வினவினார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து ரயில்வேயில் பேரேடு எழுதும் நாம் விஞ்ஞானி அல்லோம். எனினும் கேள்வி நியாயமானதாகையால் தேடிப் படித்தவற்றை இத்திங்கள் எழுதுகிறோம்.

மட்டையை ஏன் அவ்வளவு கவனமாகத் துலக்கவேண்டும் என்பதை முதலில் கூறிவிடுவோம். இரும்பு மட்டையின் முகத்தில் படுக்கைவாட்டில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். விதிகளின்படி அவற்றின் அகலம் 0.9 மில்லிமீட்டருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் சற்றேறக்குறைய உட்பட்டிருத்தல் வேண்டும். பந்துக்கும் மட்டைக்கும் நடுவே அகப்படும் புல்லும் ஈரமும் இப்பள்ளங்களில் ஒதுங்குவதால் முகம் பந்தைப் பற்றுகிறது. பந்து பின்னோக்கிச் சுழன்று, விழுந்த இடத்திலேயே நிற்கிறது. மோட்டார் டயரின் வரிகள் மழைநீரை ஒதுக்குவது போன்றதே இது. பள்ளத்தில் மண் இறுகிவிட்டால் பந்து வழுக்கி ஓடும். ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனையின் வரிகளையும் குச்சியால் கிளறித் துடைக்கப் பொறுமை வேண்டும். அதனாலேயே இயந்திரம் வந்தது.

இயந்திரம் பார்வைக்கு ஓர் எவர்சில்வர் தொட்டிதான். சூட்சுமமெல்லாம் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வில்லைகளில் இருக்கிறது. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர் 1880-இல் கண்டனர். மின்சாரம் பாய்ச்சினால் அப்படிகங்கள் அதிரும் என்பது அதன் மறுபக்கம். இத்தொட்டியின் வில்லைகள் பெரும்பாலும் விநாடிக்கு 40,000 தடவை அதிர்பவை. நம் செவி 20,000-க்கு மேற்பட்டதைக் கேளாது. ஆகவே கேளா ஒலி எனப் பெயர். ஆனாலும் இயந்திரம் ஓடுகையில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் எழுகிறதே எனலாம். அவ்விரைச்சல் வில்லையினுடையதன்று, தண்ணீரினுடையது.

தொட்டியின் அடித்தகடு மேலே தள்ளும்போது நீர் அழுந்துகிறது. கீழே இழுக்கும்போது நீர் இழுபடுகிறது. அவ்விழுப்பில் நீரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி வளர்கின்றன. அடுத்த தள்ளலில் அவை தாங்கமாட்டாமல் சட்டென்று சரிந்துவிடுகின்றன. அருகில் உலோகப் பரப்பு இருந்தால், குமிழி சரியும்போது எதிர்ப்பக்கத்து நீர் ஊசிபோல் அதனூடே பாய்ந்து அப்பரப்பைத் தாக்குகிறது. அவ்விடத்தில் கணப்பொழுது எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு. குமிழி மிகச் சிறிதாகையால் எந்த வரிப்பள்ளத்துக்குள்ளும் அது பிறக்கும், வெடிக்கும். கப்பலை உந்தும் புரொபெல்லர்கள் வெறும் கடல்நீரில் சுழன்றே அரிபட்டுக் குழிவிழுவதன் காரணத்தை ஆராய்ந்த ராலே பிரபு, 1917-இல் இக்குமிழிகளின் அழுத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். வெண்கலத்தையே அரிக்கும் நீர், ஓரம் தூக்கி நிற்கும் பழஞ்சாயத்தைப் பெயர்த்ததில் வியப்பென்ன? நன்றாகப் பிடித்திருக்கும் சாயத்தை அது எளிதில் அசைக்காது. தளர்ந்ததைக் கண்டால் அழுக்கென்றும் சாயமென்றும் பாராது.

தண்டவாளத்தின் உள்விரிசலைக் கண்டறிய எங்கள் ரயில்வேயில் பயன்படுத்துவதும் கேளா ஒலியே. ஆனால் அது விநாடிக்குப் பல லட்சம் அதிர்வுடைய மெல்லிய ஒலி. உள்ளே சென்று எதிரொலியாய்த் திரும்பிச் செய்தி சொல்லுமேயன்றி எதையும் தாக்காது.

இனிச் செய்முறை. குழாயிலிருந்து பிடித்த புதுநீரில் காற்று கரைந்திருக்கும்; அது மெத்தைபோல் குமிழியின் அடியைத் தாங்கிவிடும். ஆதலால் மட்டையை இடுமுன் பத்து நிமிடம் இயந்திரத்தை வெறுமனே ஓட்டுதல் நலம். நீர் 50 முதல் 60 டிகிரி வரை சூடாக இருக்கலாம். கொதிநிலையை நெருங்கினால் குமிழிக்குள் நீராவி நிறைந்து அடி மெத்தென்றாகிவிடும். சில துளி சோப்புத் திரவம் போதும். பெட்ரோல், ஸ்பிரிட் முதலியவற்றை ஊற்றுவது தீயை அழைப்பதாகும். மட்டை தொட்டியின் அடியைத் தொடாமல் தொங்கவேண்டும். தலை மட்டும் நனையவேண்டும். தண்டைச் சேருமிடத்திலுள்ள பிளாஸ்டிக் வளையமும் ரப்பர்க் கைப்பிடியும் நீருக்கு மேலேயே இருக்கட்டும். பழைய மரத்தலை மட்டைகளையும், உள்ளே பொள்ளலான பெரிய தலைகளையும் இதில் இடவே கூடாது. முலாமற்ற இரும்பாயின் எடுத்த மாத்திரத்தில் துடைத்து உலர்த்தாவிடில் துரு ஏறும். இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்றறிய, மெல்லிய அலுமினியத் தாளொன்றைச் சில நிமிடம் அதில் தொங்கவிட்டால் போதும், தாள் சல்லடையாகிவிடும்.

இவற்றுள் பல, இயந்திரத்தோடு வந்த குறிப்புத்தாளில் அச்சிடப்பட்டிருந்தனவாம். அத்தாள் மேலாளரின் மேஜையறையில் கிடந்தது. வேலை செய்யும் பிள்ளையின் கைக்கு வரவில்லை. தாளை மறைத்து வைத்துவிட்டுச் சம்பளத்தைப் பிடிப்பது முறையன்று என்பதே நம் கருத்து. இதனை எழுத்தில் கொடுத்துக் கேட்குமாறு தந்தையாருக்குச் சொல்லியிருக்கிறோம்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இதே இயந்திரம் சிறிய அளவில் நகைக்கென்று விற்கப்படுகிறது, நகைக்கடைகளிலும் உண்டு. கல் பதியாத தங்க வளையலை அதில் இடலாம். ஆனால் ஊரிலிருந்து பாட்டியார் தந்தனுப்பிய கெம்பு அட்டிகையை இட்டுவிடாதீர்கள். அக்கற்களின் பின்னே ஜிகினாத் தகடும் அரக்கும் வைத்துக் கட்டியிருக்கும். வெந்நீரில் அரக்கு இளகும், நீர் புகுந்து தகடு கறுக்கும். முத்து, பவளம், எண்ணெய் ஊட்டிய மரகதம் ஆகியவற்றுக்கும் இது ஆகாது. பின்புறம் மூடிக் கட்டிய வைரத்தோட்டின் உள்ளே நீர் தங்கினால் ஒளி மங்கும். கடைக்காரர் கேட்டு வாங்குமுன், எது எவ்வாறு கட்டியது என்பதை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.