கிளிநொச்சியை மேப்பில மட்டும் தேடுற நாங்கள்

உக்குவளையில நாங்கள் நாலு பேர் பிளேன்டீ குடிக்கக் கூடினால் போதும், கதை எப்படியோ கிளிநொச்சிக்குப் போய்விடும். 57ஆவது டிவிஷன் எந்தப் பக்கத்தால் வந்தது, 58 பூநகரியை எப்படிப் பிடித்தது, புலிகள் ஏன் மண் அணையை விட்டுப் பின்வாங்கினார்கள் என்று போனில் வீடியோ போட்டுக் காட்டிச் சண்டை பிடிப்போம். 2009 ஜனவரி 2க்கு முந்திய மாதங்கள் எங்களுக்கு மேட்ச் ஹைலைட்ஸ் மாதிரி. இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறோம். முதல் குற்றவாளிகள் நாங்களேதான்.

படை திரட்டல் என்றால் பீரங்கியும் மல்டிபேரலும் மட்டுமா? காசு கொட்டினார்கள், கிராமத்து ஏழைச் சிங்களப் பொடியன்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் பெரிய ஆயத்தம் சத்தமில்லாமல் நடந்தது. 2008 ஜனவரியில் அரசாங்கம் போர்நிறுத்த உடன்படிக்கையை விட்டு விலகியது. கண்காணிப்புக் குழு மூட்டை கட்டியது. செப்டெம்பரில் ஐ.நா.வையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி, போகாதீங்க என்று கெஞ்சியது. போனார்கள். 2012இல் வந்த ஐ.நா.வின் சொந்த உள்ளக அறிக்கையே அதைத் தோல்வி என்றது. சாட்சிகளை அகற்றியதும் படை நகர்வுதான். எந்த வீடியோவிலும் அதற்கு அம்புக்குறி போட்டுக் காட்டுவதில்லை.

பிறகு தலைக்கணக்கு. வன்னிக் கச்சேரிகளின் கணக்கு 4 லட்சத்துக்கு மேல். 2009 தொடக்கத்தில் கொழும்பு சொன்னதோ ஒரு லட்சத்துக்கும் குறைவு. சாப்பாடும் மருந்தும் கொழும்புக் கணக்குக்குத்தான் போகும். மே முடிய முகாம்களுக்குள் அடைபட்டவர்களே இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றால், அந்தக் கணக்கு யாரைப் பட்டினி போடப் போட்டது?

புலிகளை இங்கே தப்ப விட்டால் நாங்களும் பொய்யர்தான். பாஸ் இல்லாமல் யாரையும் வெளியே விடவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்றார்கள், கடைசியில் அந்தக் கணக்கும் நிற்கவில்லை. ஒரு பக்கம் கூட்டுக்குள் தள்ளியது, மறுபக்கம் கதவைப் பூட்டியது.

"அது வடக்குச் சண்டை, மலையகத்துக்கு என்ன?" என்று கேட்பவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கண்டியில் தொடங்குகிற ஏ9 மாத்தளையைத் தாண்டித்தான் கிளிநொச்சிக்குப் போகிறது. 1989இல் மாத்தளை மாவட்டத்து இராணுவ இணைப்பதிகாரி கோட்டாபய ராஜபக்ச. பிறகு வன்னிப் போரின்போது பாதுகாப்புச் செயலாளரும் அவரே. 58ஐ நடத்திய சவேந்திர சில்வா மாத்தளைக்காரர். அதே பாதையில் இன்னொரு கூட்டமும் முன்னமே போயிருந்தது: 77இலும் 83இலும் அடிபட்டு, லயத்தை விட்டு ஓடி, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய நம்ம ஆட்கள். கிளிநொச்சி விழுந்தபோது தெற்கில் பட்டாசு வெடித்தது. அந்த ஆட்கள் சட்டி பானையோடு கிழக்கே நடந்துகொண்டிருந்தார்கள்.

போன மாதம் எங்களில் ஒருவனின் மாமா தர்மபுரத்திலிருந்து வந்திருந்தார். சின்ன வயசில், 77இல் இங்கிருந்து போனவர். ஆர்வக்கோளாறில் அவருக்கும் அந்த வீடியோவைக் காட்டினோம். மண் அணை வந்த இடத்தில், "இதுக்கு நானுந்தான் மண்ணு வெட்டிப் போட்டேன்" என்றார். யார் வெட்டச் சொன்னது என்று கேட்டோம். போனைத் திருப்பித் தந்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.