வயதான ராக் குரல், தெம்பான ஆல்பம்: ஸ்டுடியோவில் நடப்பது என்ன?

2022-ல் அமெரிக்க மேடைகளில் ஜான் பான் ஜோவியின் குரல் காலை வாரியது. உச்ச இடங்களை எட்ட முடியாமல் அவர் திணறிய வீடியோக்கள் இணையத்தில் பரவின. அதே ஆண்டு ஜூனில் அவருக்குக் குரல் நாணில் அறுவை சிகிச்சை நடந்தது. 2024 ஜூனில் 'ஃபாரெவர்' ஆல்பம் வெளியானபோது அந்தத் திணறல் காதில் படவில்லை. ஆனால், ஆல்பத்தோடு சேர்ந்தே வரும் உலகச் சுற்றுப்பயணம் மட்டும் வரவில்லை.

பாட்டைப் பதிவு செய்ய முடிந்தவரால் மேடை ஏற முடியவில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

வயதானால் குரலுக்கு என்ன ஆகிறது?

தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் தசையும் மெல்லிய சவ்வும் சேர்ந்தவை. நுரையீரலில் இருந்து வரும் காற்றில் அவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. வயது ஏற ஏறத் தசை மெலிகிறது, இழுவைத் தன்மை குறைகிறது. இரண்டு நாண்களும் சரியாக ஒட்டாமல் இடையே காற்று கசிகிறது. குரல் கம்முகிறது, நடுங்குகிறது. ஒரே மூச்சில் பாடிய வரிக்கு இப்போது இரண்டு மூச்சு தேவைப்படுகிறது.

ராக் பாடகர்களுக்கு இது இன்னும் கஷ்டம். எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடுவதற்காக, இளம் வயதில் உச்சஸ்தாயியில் போட்ட மெட்டுகள் அவை. பான் ஜோவி குழுவின் 'லிவின் ஆன் எ பிரேயர்' வந்தது 1986-ல். அப்போது அவருக்கு வயது 24. பாட்டின் கடைசிப் பகுதி ஒன்றரைக் கட்டை மேலே தாவும். 60 வயதில், ஒரு பக்க நாண் மெலிந்துபோன நிலையில், அந்தத் தாவல் சாதாரணமில்லை. மெலிந்த நாணை நடுப்பக்கம் தள்ளிவிட உள்ளே ஒரு சிறு பொருளைப் பொருத்துவதுதான் அவருக்குச் செய்யப்பட்ட சிகிச்சை.

ஸ்டுடியோ எப்படிக் கைகொடுக்கிறது?

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை, மெட்டிலேயே தொடங்குகிறது. பாடகரிடம் இன்று என்ன குரல் மிச்சமிருக்கிறதோ, அதற்குள் அடங்கும்படி புதுப் பாட்டு எழுதப்படுகிறது. அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்வது சகஜம்.

அடுத்தது 'காம்ப்பிங்'. ஒரே பாட்டைப் பல டேக் பாடவைத்து, ஒன்றிலிருந்து முதல் வரி, இன்னொன்றிலிருந்து ஒரே ஒரு சொல் என்று பொறுக்கி ஒட்டுகிறார்கள். களைத்தால் நிறுத்திவிட்டு நாளைக்குப் பாடலாம். கேட்பவருக்கு ஒரே மூச்சில் பாடியதுபோல இருக்கும்.

பிறகு சுருதித் திருத்தம். 1997-ல் வந்த 'ஆட்டோ-ட்யூன்' மென்பொருளை உருவாக்கியவர் ஆண்டி ஹில்டிபிராண்ட். நிலத்தடியில் எண்ணெய் தேட அதிர்வலைகளை ஆராய்ந்த பொறியாளர். 1998-ல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டின் ரோபோ குரல் அதன் அதீதப் பயன்பாடு. அளவோடு போட்டால் யாருக்கும் தெரியாது.

'கம்ப்ரெஸர்' என்ற கருவி சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கிறது. அதனால் மெதுவாகப் பாடினாலும் குரல் இசைக்கு முன்னால் நிற்கும், கத்த வேண்டியதில்லை. கோரஸில் அதே வரியை இன்னொரு முறை பாடி மேலே அடுக்கினால் குரல் தடிமனாகும். உச்ச இடங்களைப் பின்னணிப் பாடகர்களோ விருந்தினர்களோ பகிர்ந்துகொள்ளலாம். 2025 அக்டோபரில் வந்த 'ஃபாரெவர்' மறுபதிப்பில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் உட்படப் பலர் பான் ஜோவியோடு சேர்ந்து பாடினார்கள்.

ஆனால், எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. சுருதியைத் திருத்தலாம், வீரியத்தைச் சேர்க்க முடியாது. சன்னமான குரலைத் தூக்கிக் கொடுத்தால் மூச்சிரைப்பும் கூடவே தூக்கலாகக் கேட்கும்.

இது ஏமாற்று வேலையா?

இந்த உத்திகள் வயதானவர்களுக்காகப் பிறந்தவை அல்ல. ஒரே குரலை இரண்டாக ஒலிக்கச் செய்யும் கருவி ஏற்பாட்டை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் 1966-லேயே பீட்டில்ஸ் குழுவுக்காகச் செய்தார்கள். ஜான் லெனனுக்கு அப்போது 25 வயது. ஓஸி ஆஸ்போர்னும் இளமையிலிருந்தே குரலை இரட்டித்துப் பாடியவர்தான். பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020-ல் வெளியே சொன்ன பிறகும், ஆண்ட்ரூ வாட் தயாரிப்பில் அவர் இரண்டு ஆல்பங்கள் தந்தார்.

நேரெதிர் வழியும் உண்டு. தயாரிப்பாளர் ரிக் ரூபின், ஜானி கேஷின் கடைசிக் கால ஆல்பங்களில் நடுக்கத்தையும் பிசிறையும் மறைக்காமல் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். 2002-ல் 70 வயதில் கேஷ் பாடிய 'ஹர்ட்' அதற்குச் சாட்சி.

கோடு மங்குவது செயற்கை நுண்ணறிவில்தான். 2013-ல் பக்கவாதத்தால் பாடும் திறனை இழந்த நாட்டுப்புற இசைப் பாடகர் ராண்டி டிராவிஸின் குரலில் 2024-ல் ஒரு புதுப் பாட்டு வந்தது. இன்னொருவர் பாடியதன் மேல், பழைய பதிவுகளைக் கொண்டு உருவாக்கிய டிராவிஸின் குரலைப் பொருத்தினார்கள். அவரது சம்மதத்தோடு, வெளிப்படையாகவே நடந்தது. என்றாலும் காம்ப்பிங், பாடகர் பாடியதை ஒட்டுப்போடுகிறது. இதுவோ அவர் பாடாததைப் பாடவைக்கிறது.

மேடையில் ஏன் எடுபடாது?

மேடையில் இரண்டாவது டேக் கிடையாது. சுருதியை இறக்கலாம், உச்ச வரிகளைக் கூட்டத்திடம் விட்டுவிடலாம். மூன்றாவது வழி, முன்பே பதிவு செய்த குரலை ஓடவிடுவது. டிக்கெட் வாங்கியவர்கள் கொதிப்பது இங்கேதான். ஆல்பம் என்பது செதுக்கி எடுத்த பொருள் என்று வாங்குபவருக்கே தெரியும். கச்சேரிக்குக் காசு கொடுப்பவர், அந்த இரண்டு மணி நேரம் கண்ணெதிரே நிற்பவர் பாடுகிறார் என்று நம்பித்தான் கொடுக்கிறார்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க்கில் ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே தன் கடைசிக் கச்சேரியைப் பாடினார். குரல் சில இடங்களில் தழுதழுத்தது. 17 நாட்களில் அவர் காலமானார். அந்தக் குரலில் குறை இருந்தது யாருக்கும் தெரியாமல் இல்லை. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

பான் ஜோவி ஆல்பத்தை முன்பே கொடுத்துவிட்டு, சுற்றுப்பயணத்துக்கு மட்டும் தொண்டை தேறும்வரை காத்திருந்தார். 2026 ஜூலையில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடப்போவதாக 2025 அக்டோபரில்தான் அறிவித்தார், அறுவை சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. ஸ்டுடியோவால் அவருக்காகச் செய்ய முடியாமல் போனது அந்தக் காத்திருப்பை மட்டும்தான்.